ஏஇடி வாங்குவது ஒருநாள் செலவு; காப்பது பத்தாண்டுப் பொறுப்பு

ஆலய மண்டபத்தின் சுவரில், தமிழ்ப்பள்ளி அலுவலக வாசலில், குடியிருப்புச் சமூக நிலையத்தின் நுழைவாயிலில் இதயப் படமும் மின்னல் குறியும் போட்ட ஒரு பெட்டியைப் பார்த்திருப்போம். ஏஇடி என்று அழைக்கப்படும் தானியங்கி இதய மீட்புக் கருவி அது. பெரும்பாலும் நன்கொடையாகவோ மானியத்திலோ வந்திருக்கும். ஒப்படைப்பு நாளில் மாலை, பொன்னாடை, புகைப்படம் எல்லாம் நடந்திருக்கும். அந்தப் பெட்டியைக் கடைசியாகத் திறந்து பார்த்தவர் யார், அதிலுள்ள பேட்டரி எப்போது மாற்றப்பட்டது என்று நிர்வாகத்தினரைக் கேட்டால் உடனே பதில் வருமா என்பதுதான் கேள்வி.

ஏஇடி தீயணைப்புக் குப்பியைப் போன்றது. பல ஆண்டுகள் யாரும் தொடாமல் இருக்கலாம். தேவைப்படும் அன்று வேலை செய்தாக வேண்டும். அதற்குள் இருக்கும் சில பொருள்கள் பயன்படுத்தாவிட்டாலும் காலாவதியாகிவிடும். ஆகவே, வாங்கும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் சங்கமோ பள்ளியோ மூன்றாம், நான்காம் ஆண்டில் திணறும். முழுச் செலவையும் முதலிலேயே கணக்குப் போட்டுக்கொண்டால் அந்தச் சிக்கல் வராது.

கருவி செய்யும் வேலை

மாரடைப்பும் திடீர் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்வார். இதய நிறுத்தத்தில் ஆள் சரிந்து விழுகிறார். நினைவும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை. மாரடைப்பே இதய நிறுத்தத்தில் போய் முடிவதும் உண்டு.

இதயம் நிற்கும்போது பலருக்கு முதல் சில நிமிடங்களில் அது முற்றிலும் அசைவற்றுப் போவதில்லை. ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தை ஒரு மின்னதிர்ச்சியால் நிறுத்தி, இதயம் தன் ஒழுங்கான துடிப்புக்குத் திரும்ப வழிசெய்வதே ஏஇடியின் வேலை. நெஞ்சில் ஒட்டும் இரண்டு பட்டைகள் வழியாகக் கருவியே இதயத் துடிப்பைப் படிக்கிறது. அதிர்ச்சி தேவையென்றால் மட்டுமே கொடுக்கும் அல்லது பொத்தானை அழுத்தச் சொல்லும். தேவையில்லாதவருக்கு அது மின்னதிர்ச்சி கொடுக்காது. அதனால்தான் மருத்துவர் அல்லாதவரும் இதைப் பயன்படுத்த முடிகிறது.

சிபிஆர் எனப்படும் நெஞ்சழுத்த முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. 2021 ஜூன் 12ஆம் நாள் கோப்பன்ஹேகனில் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் திடலிலேயே சரிந்து விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த பலருக்கு நினைவிருக்கும். உடனடி நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் அவரை மீட்டன. பின்னர் அவர் மீண்டும் பந்தாட்டத்திற்கே திரும்பினார்.

பட்டணத்தில் ஆம்புலன்ஸ் வரவே சில நேரங்களில் கால்மணி நேரத்திற்கு மேல் ஆகலாம். செம்பனைக் காட்டுக்குள் மண்சாலையில் போக வேண்டிய தோட்டக் குடியிருப்பென்றால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட இடத்தில் சுவரில் இருக்கும் கருவிதான் முதல் பத்து நிமிடத்திற்கான ஒரே வாய்ப்பு. அது வேலை செய்யாமல் போனால் அந்த வாய்ப்பும் இல்லை.

காலாவதியாகும் இரண்டு பொருள்கள்

முதலாவது, பேட் எனப்படும் ஒட்டுப்பட்டைகள். அவற்றில் ஈரப்பசையுள்ள ஜெல் தடவப்பட்டிருக்கும். காலப்போக்கில் அது காய்ந்துவிடும். காய்ந்த பட்டை தோலில் சரியாக ஒட்டாது. கருவியால் துடிப்பைச் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம், மின்னதிர்ச்சியும் முழுமையாகப் போய்ச் சேராது. அதனால் ஒவ்வொரு உறையிலும் காலாவதி நாள் அச்சிடப்பட்டிருக்கும். பல மாதிரிகளில் பட்டையின் ஆயுள் ஏறத்தாழ ஈராண்டு. சிலவற்றில் நான்கு, ஐந்து ஆண்டுகள்வரை இருக்கும். ஒருமுறை பிரித்து ஒட்டிய பட்டையை மறுபடியும் பயன்படுத்த முடியாது.

இரண்டாவது, பேட்டரி. பெரும்பாலான ஏஇடிகளில் இருப்பது மின்னேற்றம் செய்ய முடியாத லித்தியம் பேட்டரி. கருவி சும்மா இருப்பதுபோல் தெரிந்தாலும் தன்னைத்தானே அவ்வப்போது சோதித்துக்கொள்கிறது. அதற்கும் மின்சாரம் செலவாகிறது. நான்கு அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரியை மாற்ற வேண்டியிருக்கும்.

மாதிரிக்கு மாதிரி ஏற்பாடு வேறுபடும். பிலிப்ஸ் ஹார்ட்ஸ்டார்ட் வகையில் பட்டையை ஈராண்டிலும் பேட்டரியை நான்காண்டிலும் தனித்தனியே மாற்றுவது வழக்கம். ஹார்ட்சைன் சமாரிட்டன் வகையில் பட்டையும் பேட்டரியும் ஒரே பெட்டகமாக வரும். உற்பத்தி நாளிலிருந்து நான்காண்டு ஆயுள். ஸோல் ஏஇடி பிளஸ் கருவி கேமராக்களுக்குப் போடும் 123 வகை லித்தியம் பேட்டரிகள் பத்தில் இயங்குகிறது. அதன் பட்டைக்கு ஐந்தாண்டு ஆயுள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலாவதி நாள் பொதுவாக உற்பத்தியைப் பொறுத்தது. நீங்கள் வாங்கிய நாளைப் பொறுத்ததல்ல. கிடங்கில் ஓராண்டு கிடந்த பட்டை உங்கள் கைக்கு வரும்போதே ஓராண்டு ஆயுளை இழந்திருக்கும். பொருளை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் முன் உறையிலுள்ள நாளைப் பார்ப்பது அவசியம்.

பத்தாண்டுக் கணக்கு

பல தயாரிப்பாளர்கள் கருவிக்கு 5 முதல் 10 ஆண்டுவரை உத்தரவாதம் தருகிறார்கள். ஆகவே பத்தாண்டைக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள விலைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் உள்ள எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவி, முதல் பட்டை, முதல் பேட்டரி ஆகியவை சேர்ந்து 6,000 ரிங்கிட்.
அலார ஒலியுடன் கூடிய சுவர்ப் பெட்டி 600 ரிங்கிட்.
ஈராண்டுக்கு ஒருமுறை பட்டை, ஒரு தொகுப்பு 300 ரிங்கிட். 2, 4, 6, 8ஆம் ஆண்டுகளில் நான்குமுறை: 1,200 ரிங்கிட்.
நான்காண்டுக்கு ஒருமுறை பேட்டரி, ஒன்று 1,200 ரிங்கிட். 4, 8ஆம் ஆண்டுகளில் இருமுறை: 2,400 ரிங்கிட்.
ஐந்து பேருக்கு ஈராண்டுக்கு ஒருமுறை பயிற்சி, தலைக்கு 100 ரிங்கிட். ஐந்துமுறை: 2,500 ரிங்கிட்.

மொத்தம் 12,700 ரிங்கிட். இதில் தொடக்கச் செலவு 6,600. பிறகு வருவது 6,100. அதாவது, வாங்கிய விலை அளவுக்கே இன்னொரு தொகை பத்தாண்டில் தேவைப்படுகிறது. கேட்கும்போது பயமாக இருக்கலாம். மாதக் கணக்கில் பிரித்தால் ஏறத்தாழ 51 ரிங்கிட்தான். ஒரு நிகழ்ச்சியில் மேடையேறும் பிரமுகர்களுக்குப் போடும் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவு பல நேரங்களில் இதைவிட அதிகம்.

சிக்கல் தொகையில் இல்லை. அது ஒரே ஆண்டில் குவிந்து வருவதில் இருக்கிறது. மேற்கண்ட கணக்கில் நான்காம் ஆண்டிலும் எட்டாம் ஆண்டிலும் பட்டை, பேட்டரி, பயிற்சி மூன்றும் ஒன்றாக வந்து 2,000 ரிங்கிட் கேட்கும். யாரும் எதிர்பார்க்காத அந்த ஆண்டில்தான் “அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்” என்று தள்ளிப் போடப்படும்.

விலை குறைவு, செலவு அதிகம்

இரண்டு கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாவது 4,000 ரிங்கிட். ஆனால் பட்டை 450, பேட்டரி 1,600. பத்தாண்டில் நான்கு பட்டைக்கு 1,800, இரண்டு பேட்டரிக்கு 3,200. மொத்தம் 9,000 ரிங்கிட். இரண்டாவது 5,200 ரிங்கிட். பட்டையும் பேட்டரியும் சேர்ந்த பெட்டகம் 800. நான்காண்டுக்கு ஒன்று என இருமுறை 1,600. மொத்தம் 6,800 ரிங்கிட். வாங்கும்போது 1,200 ரிங்கிட் மலிவாகத் தெரிந்த கருவி, முடிவில் 2,200 ரிங்கிட் கூடுதலாக இழுத்துவிடுகிறது.

ஒருங்கிணைந்த பெட்டகத்திற்கும் ஒரு குறை உண்டு. கருவியை ஒருமுறை பயன்படுத்தினாலே முழுப் பெட்டகத்தையும் மாற்ற வேண்டும். தனித்தனி வகையில் அப்போது பட்டையை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். கருவி அடிக்கடி பயன்படும் விளையாட்டரங்கத்திற்கும், ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கும் சிற்றூர் ஆலயத்திற்கும் ஒரே தேர்வு பொருந்தாது.

பழைய கருவியை இரண்டாங்கையாக வாங்குவதிலும் கவனம் வேண்டும். அந்த மாதிரிக்கான பட்டையும் பேட்டரியும் இன்னும் தயாரிக்கப்படுகின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. அவை நின்றுபோயிருந்தால் இலவசமாகக் கிடைத்தாலும் அந்தக் கருவி பயன்படாது.

வாங்கும் முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை

மலேசியாவில் மருத்துவக் கருவிகள் 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சுகாதார அமைச்சின் கீழுள்ள மருத்துவச் சாதன ஆணையத்தில் அந்த மாதிரி பதிவு பெற்றதா என்று பதிவெண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கலாம். அதோடு இவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்:

பட்டை, பேட்டரி ஆகியவற்றின் இன்றைய விலை என்ன? எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? எவ்வளவு நாளில் கிடைக்கும்?
உத்தரவாதம் எத்தனை ஆண்டு? அது கருவிக்கு மட்டுமா, பேட்டரிக்கும் சேர்த்தா?
பழுதானால் அதைச் சரிசெய்து தரும்வரை மாற்றுக் கருவி கொடுப்பார்களா?
சிகிச்சை வழிகாட்டி மாறினால் மென்பொருளை யார் புதுப்பிப்பார்கள், கட்டணம் உண்டா?

கடைசிக் கேள்வி வீண் கேள்வி அல்ல. முன்பு அடுத்தடுத்து மூன்று மின்னதிர்ச்சி கொடுக்கும் முறை இருந்தது. 2005ஆம் ஆண்டு அனைத்துலக வழிகாட்டிகள், ஒரு மின்னதிர்ச்சி கொடுத்த உடனே நெஞ்சழுத்தத்தைத் தொடர வேண்டும் என்று மாற்றின. அதற்கேற்பப் பழைய கருவிகளை மறுநிரல் செய்ய வேண்டியிருந்தது.

குறை கண்டு திரும்ப அழைக்கப்படும் கருவிகளும் உண்டு. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகத்திற்கு 2005 ஜனவரி முதல் 2014 செப்டம்பர்வரை இக்கருவிகளின் கோளாறு பற்றி ஏறத்தாழ 72,000 அறிக்கைகள் வந்தன. அதன் பிறகே 2015இல் அங்கு ஒப்புதல் விதிமுறை கடுமையாக்கப்பட்டது. இங்கு விற்கப்படும் கருவிகள் பலவும் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுடையவை. வரிசை எண்ணை உங்கள் சங்கத்தின் பெயரில் விற்பனையாளரிடம் பதிந்து வைத்தால்தான் இத்தகைய அறிவிப்பு உங்களுக்கு வந்து சேரும். நன்கொடையாளர் பெயரில் பதிவாகியிருந்தால் கடிதம் அவருக்குத்தான் போகும்.

வெயிலும் பூட்டும்

பல மாதிரிகளை 50 பாகை செல்சியஸ்வரை வைத்திருக்கலாம். சிலவற்றுக்கு அதைவிடக் குறைந்த வரம்பு. நம் நாட்டு நிழலில் இது பிரச்சினையில்லை. தகரக் கூரைக் கிடங்கு, வெயிலில் நிற்கும் வேன், சமையல்கட்டுச் சுவர் ஆகியவை கூடாது. பூட்டிய காருக்குள் வெப்பம் நண்பகலில் அந்த வரம்பை எளிதாகத் தாண்டும். சூட்டில் ஜெல் விரைவில் காயும், பேட்டரியின் ஆயுளும் குறையும். திறந்தவெளி மண்டபமென்றால் தூசுக்கும் நீர்த்துளிக்கும் தாங்கும் ஐபி தரமதிப்பு எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும்.

களவு போய்விடும் என்ற அச்சத்தில் கருவியை அலுவலக அறைக்குள் வைத்துப் பூட்டுவதும் நடக்கிறது. சாவி செயலாளர் வீட்டில் இருக்கும். செயலாளர் வெளியூரில் இருப்பார். திறந்தால் ஒலி எழுப்பும் பெட்டியில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வைப்பதே சரி. விழுந்தவரிடமிருந்து ஓடிப்போய்க் கருவியை எடுத்துக்கொண்டு மூன்று நிமிடத்திற்குள் திரும்ப முடியும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரிய ஆலய வளாகத்தில் திருவிழா நாளன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அலாரப் பெட்டிக்கும் தனி பேட்டரி உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம்

கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் பச்சை விளக்கோ சரிக் குறியோ காட்டும். கோளாறு என்றால் சிவப்புக் குறி காட்டும் அல்லது கீச்சென்று ஒலி எழுப்பும். அந்த ஒலியைத் தொல்லை என்று நினைத்துப் பேட்டரியைக் கழற்றி வைப்பதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. அதே சமயம், பச்சை விளக்கை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. பட்டை காலாவதியானதை எல்லாக் கருவிகளும் தாமாக அறிவதில்லை.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை என்பதுபோல் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு இவற்றைப் பார்க்கலாம்:

விளக்கு பச்சையாக இருக்கிறதா?
பட்டை உறை கிழியாமல் இருக்கிறதா, காலாவதி நாள் எப்போது?
பேட்டரியின் நாள் எப்போது?
கூடவே இருக்க வேண்டிய கத்தரிக்கோல், சவரக்கத்தி, துவாலை, கையுறை, வாய்மூடி இருக்கின்றனவா?
பெட்டி எளிதில் திறக்கிறதா, முன்னால் நாற்காலி அடுக்கியிருக்கிறதா?

பார்த்தவர் நாளும் கையெழுத்தும் போட ஓர் அட்டையைப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிடலாம். காலாவதி நாளுக்கு மூன்று மாதம் முன்பே மாற்றுப் பொருளுக்குச் சொல்லிவிட வேண்டும். தமிழ்ப்பள்ளிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எட்டு வயதுக்கு உட்பட்ட அல்லது 25 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் குறைந்த சக்தியில் மின்னதிர்ச்சி தரும் தனிப் பட்டையோ பொத்தானோ உண்டு. முதலாம் ஆண்டு மாணவர்களும் பாலர் பள்ளிப் பிள்ளைகளும் உள்ள இடத்தில் அதற்கும் ஒரு செலவு ஒதுக்க வேண்டும். அது கைவசம் இல்லாவிட்டால் பெரியவர்களுக்கான பட்டையையே பயன்படுத்தலாம். உதவி செய்யாமல் நிற்கக் கூடாது.

பயன்படுத்திய பிறகு

ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பொறுப்பேற்கும்வரை பட்டையைக் கழற்றவோ கருவியை நிறுத்தவோ கூடாது. கருவியின் நினைவகத்தில் இதயத் துடிப்பின் பதிவு இருக்கும். சிகிச்சை தரும் மருத்துவர்கள் அதைக் கேட்கலாம். அன்றே விற்பனையாளரை அழைத்துப் புதிய பட்டைக்குச் சொல்ல வேண்டும். கூடுதலாக ஒரு தொகுப்பு கைவசம் இருந்தால் கருவி மறுநாளே தயாராகிவிடும். இல்லாவிட்டால் வாரக்கணக்கில் வெறும் பெட்டிதான் சுவரில் இருக்கும். பழைய லித்தியம் பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

பயிற்சியும் பராமரிப்பே

கருவி பேசி வழிகாட்டும் என்பது உண்மை. எந்த மொழியில் பேசும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் பேசும் கருவி தோட்டத்துப் பாட்டிக்கு உதவாது. மலாய்க் குரல் உள்ள மாதிரி கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். படத்துடன் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஒட்டுவதற்குச் செலவே இல்லை. செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், மலேசியச் செம்பிறைச் சங்கம் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. கற்றது மறந்துபோகும் என்பதால் ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது நல்லது. நிர்வாகத்தினர் மட்டுமின்றி அர்ச்சகர், காவலாளி, சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் எனத் தினமும் அங்கே இருப்பவர்கள் கற்றுக்கொள்வதே பலன் தரும்.

சிங்கப்பூரில் குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி 2015 முதல் அருகிலுள்ள தொண்டூழியர்களுக்குத் தகவல் அனுப்பி, பக்கத்தில் உள்ள ஏஇடி இருக்கும் இடத்தையும் காட்டுகிறது. வீவக அடுக்குமாடிகளின் மின்தூக்கித் தளங்களிலும் கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. ஆனாலும், சொந்தமாகக் கருவி வாங்கிய சங்கமோ ஆலயமோ அதன் பட்டையையும் பேட்டரியையும் தானேதான் கவனித்தாக வேண்டும். செயலி வழிகாட்டி ஒருவர் ஓடிவந்து எடுக்கும் கருவியில் பேட்டரி தீர்ந்திருந்தால் அந்த ஓட்டம் வீண்.

நிர்வாகம் மாறும்போது

நம் சங்கங்களில் ஈராண்டுக்கு ஒருமுறை பொறுப்பாளர்கள் மாறுவது இயல்பு. பழைய நிர்வாகம் சீல், காசோலைப் புத்தகம், நகைப் பட்டியல் எல்லாவற்றையும் ஒப்படைக்கும். ஏஇடி அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. பதவியைக் குறிப்பிட்டு, துணைச் செயலாளர் என்றோ நலப்பிரிவுத் தலைவர் என்றோ, பொறுப்பை ஆண்டுப் பொதுக்கூட்டத் தீர்மானத்தில் எழுதி வைத்தால் ஆள் மாறினாலும் வேலை நிற்காது. வரவு செலவுக் கணக்கில் “ஏஇடி பராமரிப்பு” என்று தனி வரி இருக்கட்டும். ஆண்டுக்கு 600 முதல் 700 ரிங்கிட் ஒதுக்கி வந்தால் நான்காம் ஆண்டுச் சுமை பெருமளவு குறையும். பள்ளியென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நிர்வாகமும் யார் எந்தச் செலவை ஏற்பது என்று முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும்.

நன்கொடை தருவோரும் இதை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு இடங்களுக்குக் கருவி மட்டும் வாங்கித் தருவதைவிட, ஓரிடத்திற்குக் கருவியோடு பத்தாண்டுப் பட்டைச் செலவையும் பேட்டரிச் செலவையும் தருவது பயனுள்ளது. பெற்றோர் நினைவாகத் தருபவர்கள் ஆண்டுதோறும் திதி நாளில் பராமரிப்புத் தொகையைச் செலுத்தும் வழக்கத்தை ஏற்படுத்தலாம்.

ஏற்கெனவே கருவி வைத்திருக்கும் ஆலயங்களும் பள்ளிகளும் சங்கங்களும் இந்த வாரமே பெட்டியைத் திறந்து இரண்டு நாள்களைக் குறித்துக்கொள்ளலாம்: பட்டையின் காலாவதி நாள், பேட்டரியின் காலாவதி நாள். இரண்டில் ஒன்று கடந்துவிட்டிருந்தால், உடனே விற்பனையாளரை அழைத்துப் புதியதற்குச் சொல்லிவிட வேண்டும். அது வந்து சேரும்வரை கருவி தயார் நிலையில் இல்லை என்பதைப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் தெரிவித்துவிட வேண்டும். யாராவது சரிந்து விழுந்தால் 999 எண்ணை அழைத்து, நெஞ்சழுத்தத்தை உடனே தொடங்க வேண்டும் என்பது எந்த நாளுக்கும் பொருந்தும்.